வெளிய சாப்பிடப் போனா சண்டையோட திரும்பறோம்: டர்பன் வாசகிக்கு ஒரு வக்கீலோட பதில்

தென்னாப்பிரிக்காவுல இருக்கற டர்பன்லேர்ந்து ஒரு வாசகி நீளமா எழுதியிருக்காங்க. பேரு, ஏரியா, ஹோட்டல் பேரு எல்லாத்தையும் எடுத்துட்டு விஷயத்த மட்டும் சொல்றேன். கல்யாணமாகி நாலு வருஷம், தமிழ்நாட்டுலேர்ந்து வேலைக்காக வந்தவங்க, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க, மாமியாரும் கூட இருக்காங்க. சனிக்கிழமை ஆனா வெளிய போய் சாப்பிடறது தான் இவங்களுக்கு இருக்கற பொழுதுபோக்கே. ஆனா இந்த ஒரு வருஷமா எங்க போனாலும் ஏதோ ஒண்ணு ஆகுது, வீட்டுக்காரர் கத்தறாரு, இவங்க கூனிக் குறுகிப் போறாங்க, கார்ல திரும்பும்போது ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல.

நடந்தது இது தான். புரட்டாசி மாசம் இவங்க நோன்பு. ஒரு பன்னி சௌ கடைல (ரொட்டிய நடுவுல குடைஞ்சு கறி ஊத்தித் தர்ற டர்பன் சாப்பாடு, சுருக்கமா பன்னி) "நான் நோன்பு, இது வெஜ் தானே"ன்னு கேட்டு உறுதி பண்ணிட்டு குவாட்டர் பீன்ஸ், அதாவது கால் ரொட்டில பீன்ஸ் கறி, வாங்கியிருக்காங்க, பாதி சாப்பிட்டப்புறம் ரொட்டிக்கு அடியில மட்டன் துண்டு. வேற ஒண்ணு ஃப்ரீயா தரேன்னு கடைக்காரங்க சொல்ல, இவர் "ஒரு ராண்ட் கூட தரமாட்டேன்"னு பில்லையே கட்டாம பொண்டாட்டியக் கூட்டிட்டு வெளிய வந்துட்டாரு. வீட்டுக்கு வந்து கூகுள்ல ரிவ்யூ போட்டாரு, "வேணும்னே இந்துக்களுக்கு கறி போடறாங்க"ன்னு, பரிமாறின பொண்ணோட பேரையும் போட்டு. இப்ப ஓனர் கேஸ் போடுவேன்னு வாட்ஸ்அப் அனுப்பறாராம். ரெண்டாவது, ஒரு ரெஸ்டாரண்ட்ல ரெண்டு பேருக்கு வந்த பில்லுல 10 பர்சென்ட் சர்வீஸ் சார்ஜ், அத கவனிக்காம மெஷின்ல டிப்பும் சேத்துக் குடுத்துட்டாங்க. மூணாவது, ஃப்ளோரிடா ரோடு பக்கம் வெள்ளிக்கிழமை ராத்திரி இறால் கறி சாப்பிட்டு வீட்டுக்காரருக்கு சனிக்கிழமை ராத்திரி வாந்தி பேதி, ரெண்டு நாள் வேலைக்குப் போகல. கடைசியா மூணே வரில ஒண்ணு எழுதியிருக்காங்க: மாமியாரோட 70-வது பொறந்தநாளுக்கு டர்பன் பக்கத்துல உம்லாங்கால எட்டு பேருக்கு டேபிள் புக் பண்ணி ஆளுக்கு 300 ராண்ட் டெபாசிட் கட்டினாங்க, ரெண்டு நாள் முன்னாடி மாமியார் ஆஸ்பத்திரில அட்மிட், அன்னிக்கே போன் பண்ணி கேன்சல் பண்ணாங்க, "72 மணி நேரத்துக்குள்ள கேன்சல் பண்ணா டெபாசிட் திரும்பாது"ன்னு சொல்லிட்டாங்க. "போனா போகட்டும், அது நம்ம தப்பு தானே"ன்னு முடிச்சிட்டாங்க.

கேள்வி: பீன்ஸ் விஷயத்துல 50,000 ராண்ட் நஷ்டஈடு கேக்கலாமா, ரிவ்யூக்கு ஜெயிலுக்குப் போகணுமா, இனிமே வெளிய போகவே வேணாமா.

தங்கச்சி, நீங்க நாலு பக்கம் எழுதி அழுத விஷயத்துல சட்டம் உங்களுக்கு ரொம்பக் கொஞ்சமா தான் தரும், மூணு வரில விட்டுட்ட விஷயத்துல முழுசா தரும். அதனால தலகீழா ஆரம்பிக்கறேன்.

அந்த 2,400 ராண்ட் உங்க காசு

இந்த நாட்டுல நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, 2008-ம் வருஷத்து 68-ம் நம்பர் சட்டம், 2011 மார்ச் கடைசில முழுசா நடைமுறைக்கு வந்துச்சு. அதுல 17-வது பிரிவு முன்பதிவு பத்தினது. டெபாசிட் வாங்கலாம், கேன்சல் பண்ணா நியாயமான ஒரு தொகை பிடிக்கலாம், அது வரைக்கும் ஓகே. ஆனா யாருக்காக அந்த புக்கிங் செஞ்சாங்களோ அவங்க இறந்துட்டாலோ ஆஸ்பத்திரில சேத்துட்டாலோ அதனால வர முடியலன்னா கேன்சல் சார்ஜே போடக்கூடாதுன்னு அதே பிரிவுல தெளிவா இருக்கு. நியாயமான சார்ஜ், அநியாய சார்ஜ்ங்கற பேச்சே இல்ல, ஒண்ணும் போடக்கூடாது. உங்க மாமியாரோட பொறந்தநாள், அவங்களே அட்மிட், இதவிட நேரா பொருந்தற கேஸ் கிடைக்கறது கஷ்டம்.

"ஆனா கண்டிஷன்ல டிக் பண்ணிட்டோமே"ன்னு நீங்க நெனச்சிருப்பீங்க, எல்லாரும் அங்க தான் பின்வாங்கறாங்க. சட்டம் குடுத்த உரிமைய கண்டிஷன் போட்டு எடுக்க முடியாது, 51-வது பிரிவுப்படி அந்த மாதிரி வரி செல்லாது. இன்னொண்ணும் சொல்லணும். ஒருவேளை அது உங்க கல்யாண நாளா இருந்து, அவங்க எட்டு பேருல ஒருத்தரா மட்டும் இருந்திருந்தா இவ்ளோ அடிச்சு சொல்ல மாட்டேன், அப்ப எதிர்த்தரப்பு வக்கீல் "யாருக்காக புக்கிங்"னு இழுப்பாரு. அதனால புக்கிங் கன்ஃபர்மேஷன்ல "70-வது பொறந்தநாள்"னு எங்கயாவது இருக்கான்னு தேடுங்க, கேக் பத்தி வாட்ஸ்அப்ல பேசியிருந்தா அதுவும் போதும். அப்படி ஆஸ்பத்திரி விஷயமே இல்லாம கேன்சல் பண்ணியிருந்தாலும் கூட, எவ்ளோ முன்னாடி சொன்னீங்க, அந்த டேபிள வேற ஆளுக்கு குடுக்க வாய்ப்பு இருந்துச்சா, இதெல்லாம் பாத்து தான் பிடிக்கணும். சனிக்கிழமை ராத்திரி உம்லாங்கால எட்டு பேர் டேபிள் ரெண்டு நாள்ல போகாதா என்ன?

ஆஸ்பத்திரி அட்மிஷன் பேப்பர், டெபாசிட் கட்டின ரசீது, கேன்சல் பண்ண போன் கால் தேதி, மூணையும் வெச்சு ஒரு லெட்டர் எழுதுங்க. இங்கிலீஷ்ல தான் எழுதணும், நீளமா வேணாம். என்னிக்கு புக் பண்ணோம், யாருக்காக, என்னிக்கு அட்மிட், என்னிக்கு சொன்னோம், 17-வது பிரிவுப்படி முழு டெபாசிட்டும் 14 நாள்ல இந்த அக்கவுன்ட்டுக்கு வரணும், அவ்ளோ தான். திட்டாதீங்க. வீட்டுக்காரர் டைப் பண்ணா நீங்க படிச்சிட்டு அனுப்புங்க.

பீன்ஸ்ல மட்டன்: கோவம் நியாயம், கணக்கு தப்பு

நோன்பு இருக்கறவங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு எனக்குப் புரியுது, டர்பன்ல புரட்டாசி எவ்ளோ பெரிய விஷயம்னு கடைக்காரங்களுக்கும் தெரியும், அந்த மாசம் வெஜ் வியாபாரம் ஓடறதே அதனால தான். நீங்க முன்னாடியே கேட்டது ரொம்ப நல்ல காரியம். 55-வது பிரிவுல, எதுக்காக வாங்கறோம்னு விக்கறவங்ககிட்ட சொல்லிட்டு வாங்கினா அதுக்குப் பொருத்தமான பொருள் கிடைக்கணும்னு இருக்கு. நீங்க "நோன்பு"ன்னு சொன்னீங்க, அவங்க "வெஜ் தான்"னாங்க. அது பொய்யான தகவலும் ஆச்சு, பொருந்தாத பொருளும் ஆச்சு. வேற பன்னி தரேன்னு அவங்க சொன்னா வாங்கிக்கணும்னு கட்டாயம் இல்ல, குறையான பொருளுக்கு மாத்திக் குடுக்கறதா, பணத்தத் திருப்பித் தர்றதாங்கறது 56-வது பிரிவுப்படி வாங்கினவங்க முடிவு தான். நீங்க பணம் வேணும்னு சொல்லியிருக்கலாம். அந்தப் பணம் எவ்ளோ? உங்க கடிதத்துலயே இருக்கு, பீன்ஸ் 75 ராண்ட்.

50,000 எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியல, யாரோ சொந்தக்காரர் அமெரிக்கா கதை சொல்லியிருப்பாரு. இந்த நாட்டுச் சட்டத்துல மனசு நொந்ததுக்கு மட்டும் காசு வாங்கறது ரொம்பக் கஷ்டம். ஒண்ணு, அவங்க வேணும்னே உங்கள அவமானப்படுத்தினாங்கன்னு காட்டணும். இல்லன்னா டாக்டர் ஒத்துக்கற அளவுக்கு மனநல பாதிப்பு வந்ததுன்னு காட்டணும். நீங்க எழுதினத வெச்சுப் பாத்தா கூட்டத்துல ஒரே கரண்டிய ரெண்டு பானைலயும் போட்டிருக்காங்க, அலட்சியம் தான், ஆனா சதி இல்ல. இதுக்கு வக்கீல் வெச்சா என்ன மாதிரி ஆளுங்களுக்கு தான் லாபம்.

இன்னொரு தப்பான நம்பிக்கை உங்க கடிதத்துல இருக்கு, "வெஜ்ஜுக்கு தனி கிச்சன் வெக்கணும்னு சட்டம் இருக்கே"ன்னு. இங்க அப்படி இல்ல. ஊர்ல பாக்கெட்ல பச்சைப் புள்ளி பாத்துப் பாத்து நமக்குப் பழகிடுச்சு, இங்க ஹோட்டலுக்கு அந்த மாதிரி கட்டாயக் குறி கிடையாது. ஒரே எண்ணெய், ஒரே கரண்டி, சகஜம். அதனால நோன்பு நாள்ல "வெஜ்ஜா"ன்னு மட்டும் கேக்காம "தனிப் பானையா, தனிக் கரண்டியா, சிப்ஸ் எந்த எண்ணெய்ல பொரிக்கறீங்க"ன்னு கேளுங்க. முழுசா வெஜ் மட்டும் விக்கற கடைங்க டர்பன்ல இருக்கு, புரட்டாசி முடியற வரைக்கும் அங்க போறது நிம்மதி.

இப்ப கசப்பான பகுதி. அன்னிக்கு டேபிள்ல மூணு ஐட்டம்: உங்க பீன்ஸ் 75, வீட்டுக்காரரோட குவாட்டர் மட்டன் 140, ரெண்டு கூல்ட்ரிங்ஸ் 40. அவர் நோன்பு இல்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அவரோட மட்டன்ல மட்டன் இருந்தது அவருக்குப் பிரச்சனை இல்லையே! முழுசா சாப்பிட்டும் இருக்காரு. உங்க பீன்ஸுக்கு காசு தரலன்னா சரி, அவர் சாப்பிட்டதுக்கும் குடிச்சதுக்கும் தராம வந்தது சரியில்ல. கார் நம்பர போட்டோ எடுத்து போலீஸுக்குப் போவேன்னு சொன்னாங்கன்னு பயப்படறீங்க. காசு தர்ற எண்ணமே இல்லாம ஆர்டர் பண்ணா தான் அது மோசடி, பொருள் சரியில்லன்னு தகராறு பண்ணி கெளம்பறது சிவில் விஷயம், பெரும்பாலும் போலீஸ் அதுல தலையிடமாட்டாங்க. ஆனா அந்த 180 ராண்ட் பாக்கி இருக்கற வரைக்கும் நீங்க எங்க புகார் குடுத்தாலும் அவங்க முதல்ல சொல்லப்போறது "இவங்க பில் கட்டாம ஓடினவங்க"ன்னு தான்.

ரிவ்யூல மூணு வார்த்தை

ஜெயில் எல்லாம் இல்ல, பயப்படாதீங்க, ஓனர் மிரட்டறது சிவில் கேஸ் தான். ஆனா சும்மா விட்டுடற விஷயமும் இல்ல. உண்மைய சொல்லி, அது மத்தவங்களுக்கும் தெரியவேண்டிய விஷயமா இருந்தா அவதூறு கேஸ்ல அது நல்ல பாதுகாப்பு. "நான் நோன்புன்னு சொல்லி பீன்ஸ் கேட்டேன், உள்ள மட்டன் இருந்துச்சு, ஃப்ரீயா வேற தரேன்னாங்க, நான் வாங்கிக்கல" – இத அப்படியே வெச்சுக்கலாம், யாரும் ஒண்ணும் பண்ண முடியாது, போட்டோ வேற வெச்சிருக்கீங்க. "சர்வீஸ் எனக்குப் பிடிக்கல"ங்கறதும் உங்க அபிப்ராயம், சொல்லலாம். பிரச்சனை "வேணும்னே", "இந்துக்களுக்கு", அப்புறம் அந்தப் பொண்ணோட பேரு. முதல் ரெண்டையும் உங்களால நிரூபிக்க முடியாது, இந்த ஊர்ல மதத்த இழுத்து எழுதினா அது எங்க போய் நிக்கும்னு உங்களுக்கே தெரியும். மூணாவது அநியாயம், கிச்சன்ல யாரோ கரண்டி மாத்தினதுக்கு தட்டு தூக்கிட்டு வந்த பொண்ணு என்ன பண்ணும்? இன்னிக்கே மாத்தி எழுதச் சொல்லுங்க. பழச அழிக்கறதுக்கு முன்னாடி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க, என்னிக்கு மாத்தினோம்னு காட்ட உதவும். ஓனரோட வாட்ஸ்அப்புக்கு "ரிவ்யூவ திருத்திட்டோம்"னு ஒரு வரி போதும், அதுக்கு மேல சாட்ல சண்டை வேணாம்.

சர்வீஸ் சார்ஜும் டிப்பும்

இது சின்ன விஷயம், சீக்கிரம் முடிச்சிடறேன். டிப் கட்டாயம் இல்ல, 10 லேர்ந்து 15 பர்சென்ட் இங்க வழக்கம், அவ்ளோ தான். சர்வீஸ் சார்ஜ் வேற. மெனுல தெளிவா போட்டிருந்து நீங்க உக்காந்து ஆர்டர் பண்ணா அது ஒப்பந்தத்துல சேந்துடும். நீங்க அனுப்பின மெனு போட்டோல "எட்டு பேருக்கு மேல 10 பர்சென்ட்"னு இருக்கு, நீங்க ரெண்டு பேரு, அதனால அத போட்டதே தப்பு. பில் போட்டோவோட ஒரு மெயில் போடுங்க, நிறைய இடத்துல மறுபேச்சு இல்லாம திருப்பிடுவாங்க. டிப்ப மட்டும் திருப்பிக் கேக்காதீங்க, அது நீங்களா மெஷின்ல அழுத்தினது. "அவங்களுக்கு தான் சம்பளம் இருக்கே"ன்னு வீட்டுக்காரர் சொல்றாராம். 2025 மார்ச்லேர்ந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட்னு வெச்சாங்க, டிப்ப அந்தக் கணக்குல சேக்கக்கூடாதுன்னும் சட்டம் சொல்லுது. அந்தக் கூலில டர்பன்ல வாடகை குடுத்து மினிபஸ் டாக்ஸி ஏறி வந்து நிக்கறவங்க அவங்க, இது சட்டம் இல்ல, என்னோட அபிப்ராயம்.

இறால் கறி

சட்டம் இதுல உங்க பக்கம் பலமா தான் இருக்கு. சாப்பாட்டுப் பொருளால உடம்புக்கு வந்தா, கடைக்காரர் அலட்சியமா இருந்தாருன்னு நீங்க நிரூபிக்க வேணாம், 61-வது பிரிவு அதுக்குத் தான், டாக்டர் செலவு, வேலைக்குப் போகாததால போன சம்பளம் எல்லாம் கேக்கலாம், மூணு வருஷம் டைம். ஆனா அந்த இறால் தான் காரணம்னு நீங்க காட்டியாகணும், அங்க தான் இடிக்குது. கடைசியா வெளிய என்ன சாப்பிட்டோமோ அது தான் காரணம்னு எல்லாரும் நினைக்கறோம். சில கிருமி ஒரு மணி நேரத்துலயே வாந்தி வர வெக்கும், சால்மொனெல்லா ஆறு மணி நேரத்துலேர்ந்து ஆறு நாள் வரைக்கும் எப்ப வேணா காட்டும். வெள்ளிக்கிழமை ராத்திரிக்கும் சனிக்கிழமை ராத்திரிக்கும் நடுவுல வீட்டுலயும் சாப்பிட்டிருக்காரு, டாக்டர்கிட்ட திங்கக்கிழமை தான் போயிருக்காரு, டெஸ்ட்டும் எடுக்கல. கோர்ட்டுக்கு இது பத்தாது, நேரா சொல்லிடறேன்.

ஆனா புகார் குடுக்கலாம், குடுக்கணும். டர்பனோட ஈதெக்வினி மாநகராட்சியோட சுகாதாரப் பிரிவுல ஹெல்த் இன்ஸ்பெக்டர்ங்க இருக்காங்க, அவங்க போய் பாப்பாங்க, உங்கள மாதிரி இன்னும் ரெண்டு பேர் அதே வாரத்துல சொல்லியிருந்தா கதையே வேற ஆயிடும். 2018-ல வந்த உணவுக்கூட சுகாதார விதிப்படி சாப்பாட்டுக் கடை ஒவ்வொண்ணும் மாநகராட்சிகிட்ட ஒரு தகுதிச் சான்றிதழ் வாங்கி, எல்லார் கண்ணுலயும் படற மாதிரி மாட்டணும், இல்லன்னா கேட்டா காட்டணும். அடுத்த தடவை உள்ள நுழையும்போது செவுத்தப் பாருங்க. இனி யாருக்காவது இப்படி ஆனா அன்னிக்கே டாக்டர்கிட்ட போய் டெஸ்ட் கேளுங்க, மிச்சம் பார்சல் இருந்தா தூக்கிப் போடாம ஃப்ரிட்ஜ்ல வைங்க.

எங்க போய் கேக்கறது

டெபாசிட் லெட்டருக்கு 14 நாள்ல பதில் வரலன்னா குவாசுலு-நட்டால் மாகாண அரசோட நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துல புகார் குடுங்க, அதுக்கு காசு கட்ட வேணாம். நேஷனல் கன்ஸ்யூமர் கமிஷனும் இருக்கு, சம்பவம் நடந்து மூணு வருஷத்துக்குள்ள போகணும். அப்புறம் தான் ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட், 20,000 ராண்ட் வரைக்கும், வக்கீல் வரக்கூடாது, நீங்களே பேசணும். நேரா அங்க போனா "மத்த வழியெல்லாம் பாத்தீங்களா"ன்னு 69-வது பிரிவக் காட்டி இழுக்க வாய்ப்பு இருக்கு, அதனால இந்த வரிசைல போங்க. வீட்டுக்காரர்கிட்ட இதையும் சொல்லிடுங்க: அவதூறு கேஸ் ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட்ல எடுக்கவே மாட்டாங்க. ஓனர் கேஸ் போடணும்னா பெரிய கோர்ட்ல வக்கீலுக்கு செலவு பண்ணி தான் போடணும், திருத்தின ரிவ்யூக்கு அந்த செலவ பண்றவங்க ரொம்பக் கம்மி.

இனிமே வெளிய போகலாமான்னு கேட்டீங்க. ஏன் போகக்கூடாது, போங்க. நான் குடும்ப ஆலோசகர் இல்ல, ஆனா நீங்க எழுதின சம்பவம் எல்லாத்துலயும் அவர் கத்தறாரு, நீங்க தலை குனிஞ்சு உக்காந்திருக்கீங்க, சாப்பாட்டுல என்ன தப்புன்னு மேனேஜருக்கு ஒழுங்கா சொன்னவங்க யாருமே இல்ல. அடுத்த தடவை நீங்க பேசுங்க. மேனேஜர கூப்பிட்டு, தட்டக் காட்டி, "இத எடுத்துட்டு பில்லுல கழிச்சிடுங்க"ன்னு மெதுவா ஒரே வரி. அந்த நேரத்துல அவர் வாய மூடிட்டு போட்டோ எடுக்கட்டும், பில்ல வாங்கி பைல வெக்கட்டும், அவருக்கும் கைக்கு ஒரு வேலை ஆச்சு.

இந்த வாரம் செய்ய வேண்டியது பன்னி கடை ஓனருக்கு 180 ராண்ட், பேங்க் மூலமா இஎஃப்டி பண்ணிடுங்க. ரெஃபரன்ஸ்ல அன்னிக்கு தேதியப் போட்டு, "பீன்ஸுக்கு 75 கழிச்சது"ன்னு ஒரு மெசேஜும் அனுப்பி, ரெண்டையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.